தட்டித் தட்டியே வீட்டைக் குளிரவைத்தார்கள்!

பின்லாந்தில் இரண்டு கட்டடங்களுக்கு நேர்ந்த கதி

ஐரோப்பாவின் வடக்கு மூலையில் இருக்கும் நாடு, பின்லாந்து. குளிருக்குப் பேர் போனது. அந்த நாட்டின் தென்கிழக்கில், ரஷ்ய எல்லைக்குப் பக்கத்தில், லப்பேன்ரந்தா என்று ஓர் ஊர் இருக்கிறது. பெரிய ஏரிக்கரையில் அமைந்த அழகான ஊர். சுமார் 73 ஆயிரம் பேர் அங்கே வசிக்கிறார்கள்.

2016-ம் ஆண்டு, அக்டோபர் மாதக் கடைசி. அந்த ஊரில் இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களில் வெப்பம் நின்றது. வெந்நீரும் நின்றது. வெளியே தண்ணீர் உறைகிற குளிர்!

காரணம் என்ன?

மின்சாரம் நின்றுவிடவில்லை. எரிபொருள் தீர்ந்துவிடவில்லை. குழாய் வெடிக்கவில்லை. திருடன் யாரும் உள்ளே நுழையவில்லை. ஒரு திருகாணியைக்கூட யாரும் கழற்றவில்லை.

யாரோ, எங்கோ இருந்துகொண்டு, அந்தக் கட்டடங்களில் இருந்த ஒரு பெட்டியின் கதவைத் தட்டினார்கள். தட்டிக்கொண்டே இருந்தார்கள். இரவும் பகலும் தட்டினார்கள். அவ்வளவுதான்! பெட்டி மயங்கி விழுந்தது. வீடு குளிர ஆரம்பித்தது.

"பெட்டிக்கு ஏது கதவு? தட்டினால் வீடு எப்படிக் குளிரும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கட்டடத்துக்கு அடியில்...

பின்லாந்தில் குளிர்காலம் ஐந்து, ஆறு மாதம் நீடிக்கும். பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி போவதெல்லாம் அங்கே சர்வ சாதாரணம். குளிர் தாங்க ஒரு கம்பளி போதாது. வீட்டுக்குள் வெப்பம் வேண்டும். அது சாப்பாடு மாதிரி, தண்ணீர் மாதிரி. இல்லாவிட்டால் வாழ முடியாது.

ஒவ்வொரு வீட்டிலும் விறகு போட்டு எரித்துக்கொண்டு இருந்த காலம் ஒன்று உண்டு. இப்போது நகரங்களில் பெரும்பாலும் அப்படி இல்லை. ஊருக்கே ஒரு பெரிய வெப்ப நிலையம் இருக்கும். அங்கே தண்ணீரைச் சுடவைக்கிறார்கள். அந்த வெந்நீர், பூமிக்கு அடியில் புதைத்த குழாய்கள் வழியாக ஊர் முழுவதும் ஓடுகிறது. நமக்குக் குடிநீர்க் குழாய் வருகிறதே, அதைப் போல அவர்களுக்கு வெந்நீர்க் குழாய்!

குழாய் கட்டடத்தின் அடித்தளத்துக்கு வருகிறது. ஊர்த் தண்ணீர் நேராக வீட்டுக்குள் போவதில்லை. மெல்லிய எஃகுத் தகடுகளின் ஒரு பக்கம் ஊர்த் தண்ணீர் ஓடும். மறு பக்கம் வீட்டுத் தண்ணீர் ஓடும். சூடு மட்டும் தகடு வழியாகத் தாண்டும். பால் பாத்திரத்தை வெந்நீருக்குள் வைத்துச் சூடாக்குகிறோம் அல்லவா? வெந்நீர் பாலில் கலப்பதில்லை. ஆனால் பால் சூடாகிறது. அதே தத்துவம்தான்.

இப்படிச் சூடான தண்ணீரை ஒரு பம்பு மேலே தள்ளும். ஒவ்வொரு அறையிலும் ஜன்னலுக்குக் கீழே இரும்பு ரேடியேட்டர் இருக்கும். தண்ணீர் அதற்குள் ஓடும். அறை சூடாகும். குளிக்கவும், பாத்திரம் கழுவவும் வேறு குழாயில் வெந்நீர் வரும்.

சரி, எவ்வளவு சூடு வேண்டும் என்று யார் தீர்மானிப்பது? வெளியே பனி கொட்டினால் அதிகம் வேண்டும். வெயில் அடித்தால் குறைய வேண்டும். குழாயில் வரும் வெந்நீர் 55 டிகிரிக்குக் குறையக் கூடாது. குறைந்தால், நுரையீரலைத் தாக்கும் கிருமிகள் குழாய்க்குள் வளரும். மிகவும் கூடவும் கூடாது. கூடினால் குழந்தையின் கை வெந்துவிடும்.

இந்தக் கணக்கை எல்லாம் போடுவது அடித்தளத்தில், சுவரில் மாட்டியிருக்கும் ஒரு பெட்டி. அது ஒரு சிறு கம்ப்யூட்டர். கட்டடத்தின் வெளிச்சுவரில் ஒரு வெப்பமானி இருக்கும். பெட்டி அதைப் பார்க்கும். குழாயில் உள்ள வெப்பமானியைப் பார்க்கும். "குளிர் கூடிவிட்டது, வால்வை இன்னும் கொஞ்சம் திற" என்று கட்டளை போடும். "போதும், மூடு" என்று சொல்லும். காற்றோட்ட விசிறிகளும் அதன் சொல்லுக்குத்தான் ஆடும். பெரிய கட்டடம் என்றால் விளக்குகளும் அதன் ஆட்சியில் இருக்கும்.

மாடியில் குடியிருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பெட்டியைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் குழந்தை இரவில் நிம்மதியாகத் தூங்குவது அதன் தயவால்தான்!

காவல்காரர் போனார், கம்பி வந்தது

பெட்டி வருவதற்கு முன்னால் இந்த வேலையை மனிதர் ஒருவர் செய்தார். பின்லாந்துக்காரர்கள் அவரைத் 'தலோன்மியெஸ்' என்பார்கள். 'வீட்டு ஆள்' என்று பொருள். அவர் அந்தக் கட்டடத்திலேயே குடியிருப்பார். விடியற்காலையில் எழுந்து வாசலில் கிடக்கும் பனியை வாரிக் கொட்டுவார். சாவியைத் தொலைத்துவிட்டு வந்து நிற்பவருக்குக் கதவு திறந்துவிடுவார். கொதிகலனைக் கவனிப்பார். "மூன்றாம் மாடியில் குளிருகிறது" என்று யாராவது சொன்னால், கையோடு போய் வால்வைத் திருகுவார்.

அந்த மனிதர் மெல்ல மெல்ல மறைந்தார். சம்பளம் கட்டுபடியாகவில்லை. அவருக்குப் பதில் பராமரிப்புக் கம்பெனிகள் வந்தன. ஒரே கம்பெனி பல கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும். எல்லாக் கட்டடத்துக்கும் ஆள் போய்ப் போய்ப் பார்க்க முடியுமா? அதனால் அடித்தளத்துப் பெட்டியை இண்டர்நெட்டுடன் இணைத்தார்கள். ஆபீசில் உட்கார்ந்தபடியே ஒருவர் பத்துக் கட்டடத்தின் வெப்பத்தையும் பார்க்கலாம். கூட்டலாம். குறைக்கலாம்.

வசதிதான். யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கம்பி, கம்பெனி ஆபீசுக்கும் பெட்டிக்கும் நடுவில் மட்டும் ஓடவில்லை. இண்டர்நெட் என்பது உலகத்துக்கே பொதுவான தெரு. அடித்தளத்துக்குள் பத்திரமாக இருந்த பெட்டிக்கு இப்போது தெருப்பக்கம் ஒரு கதவு முளைத்துவிட்டது. கம்பெனிக்காரர் தட்டலாம். உலகத்தில் யார் வேண்டுமானாலும் தட்டலாம்!

இப்படித் தெருவைப் பார்த்துக் கதவு வைத்த பெட்டிகள் எத்தனை? ஆல்டோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2013-ல் தேடிப் பார்த்தார்கள். பின்லாந்தில் மட்டும் ஏறக்குறைய 2,900 தானியங்கிக் கருவிகள் இண்டர்நெட்டில் பாதுகாப்பு இல்லாமல் கிடந்தன. அவற்றில் கட்டடங்களைச் சேர்ந்தவை பல. லப்பேன்ரந்தாவில் குளிர் அடிப்பதற்கு மூன்று ஆண்டு முன்னாலேயே இது தெரியும்!

விழுந்து விழுந்து எழுந்த பெட்டி

இனி 2016-க்கு வருவோம்.

பராமரிப்புக் கம்பெனிக்கு அந்தக் கட்டடங்களிலிருந்து விசித்திரமான எச்சரிக்கைகள் வந்தன. "என்ன ஆயிற்று?" என்று தூரத்திலிருந்து பெட்டியைத் தொடர்புகொண்டு பார்த்தார்கள். பெட்டி பிடி கொடுக்கவில்லை. ஆராய்ந்தபோதுதான் விஷயம் புரிந்தது. பெட்டியின் மீது இண்டர்நெட் வழியாகச் செய்திகள் மழையாகக் கொட்டிக்கொண்டிருந்தன.

தபாலாபீசை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு ஜன்னல். ஒரே ஒரு குமாஸ்தா. நாள் ஒன்றுக்கு இருபது பேர் வருகிற இடம். திடீரென்று ஆயிரம் பேர் வந்து நிற்கிறார்கள். யாரும் தபால்தலை வாங்கவில்லை. மணியார்டர் கட்டவில்லை. "ஆபீஸ் திறந்திருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். போகிறார்கள். மறுபடியும் வரிசையில் நிற்கிறார்கள். மறுபடியும் கேட்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால், ஊருக்கு அவசரமாகப் பணம் அனுப்ப வந்த கிழவி நிற்கிறாள். அவள் முறை வரவே வராது!

கம்ப்யூட்டர் உலகில் இதற்குச் 'சேவை மறுப்புத் தாக்குதல்' என்று பெயர். எதையும் திருடுவதில்லை. உடைப்பதில்லை. வேலை செய்யவிடாமல் தொல்லை கொடுப்பது, அவ்வளவுதான். பெரிய கம்பெனிகளின் பெரிய கம்ப்யூட்டர்களே இதில் திணறுகின்றன. அடித்தளத்துப் பெட்டி எம்மாத்திரம்? அதன் மூளை சின்னது. நினைவு சின்னது. ஒரு வால்வையும் ஒரு பம்பையும் கவனிக்கத்தான் அதைச் செய்தார்கள்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. இங்கேதான் ஒரு வேடிக்கை நடந்தது. வேடிக்கை என்று நாம் சொல்லலாம். குளிரில் இருந்தவர்கள் சொல்ல மாட்டார்கள்.

இந்த மாதிரிப் பெட்டிகளுக்குள் பொதுவாக ஒரு கடிகாரம் இருக்கும். என்ஜினீயர்கள் அதைக் 'காவல் நாய்' என்று செல்லமாக அழைக்கிறார்கள். பெட்டி ஒழுங்காக வேலை செய்யும்போது, சில விநாடிகளுக்கு ஒரு முறை அந்த நாயைத் தட்டிக்கொடுக்கும். "நான் விழித்திருக்கிறேன்" என்று அதற்குப் பொருள். குறித்த நேரத்தில் தட்டிக்கொடுக்காவிட்டால், "எஜமான் மயங்கிவிட்டான்" என்று நாய் முடிவு கட்டும். உடனே பெட்டியை அணைத்து, மறுபடி கிளப்பிவிடும். நல்ல ஏற்பாடு. நடுநிசியில் பெட்டி தானாக நின்றுபோனால், ஆளைக் கூப்பிடாமல் தானாகவே எழுந்துகொள்ளும்.

ஆனால் வாசலில் ஆயிரம் பேர் நின்று தட்டிக்கொண்டிருக்கும்போது என்ன ஆகும்? லப்பேன்ரந்தா பெட்டி, தாக்குதலைச் சமாளிக்க அணைந்து அணைந்து எழுந்தது. எழுந்தவுடன் முதல் வேலையாக வெப்பமானிகளைப் படிக்க வேண்டும். வால்வு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகுதான் வெப்பம் கொடுக்கும். அதற்குள் மறுபடியும் தட்டல்! மறுபடியும் விழுந்தது. மறுபடியும் எழுந்தது. மறுபடியும் விழுந்தது...

இப்படியே நாட்கள் போயின. பெட்டி கெட்டுப்போகவில்லை. அணைந்தும் கிடக்கவில்லை. ஓயாமல் எழுந்துகொண்டுதான் இருந்தது. வெப்பம் மட்டும் வரவில்லை!

ஜனவரியாக இருந்திருந்தால்?

நல்ல வேளை, அது கடும் குளிர்காலத்தின் வாசல்படிதான். பின்லாந்தில் சுவர்கள் கனமானவை. ஜன்னல்களுக்கு மூன்று கண்ணாடி போடுவார்கள். வெப்பம் நின்ற உடனேயே வீடு ஐஸ் பெட்டி ஆகிவிடாது. மெதுவாகத்தான் குளிரும்.

இதுவே ஜனவரி மாதமாக இருந்தால் கதை வேறு. முதலில் கிழவர்களும் கைக்குழந்தைகளும் தவிப்பார்கள். கைக்குழந்தையின் உடம்பு சீக்கிரம் சூட்டை இழந்துவிடும். முதியவர்களில் சிலருக்குத் தம் உடம்பு சில்லிட்டுக்கொண்டு வருவதே தெரியாது. அடுத்தது குழாய்கள். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும். மூடிய குழாய்க்குள் அது பருத்தால் இரும்பும் வெடிக்கும். உறைந்திருக்கும் வரை ஒன்றும் தெரியாது. பனி உருகும்போதுதான் மேல் மாடியிலிருந்து கீழ் மாடி வரை தண்ணீர் கொட்டும்.

ஜனவரியில் நடந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு உதாரணம் தேடி அதிக தூரம் போக வேண்டியதில்லை. 2024-ம் ஆண்டு ஜனவரி. உக்ரைன் நாட்டில் லிவீவ் நகரம். போர் நடந்துகொண்டிருந்த நேரம். நகர வெப்பக் கம்பெனியின் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்குள் விஷமிகள் இண்டர்நெட் வழியாகப் புகுந்தார்கள். 600-க்கும் மேற்பட்ட அடுக்குமாடிக் கட்டடங்களில் வெப்பம் போயிற்று. உறைபனிக் குளிரில், ஏறக்குறைய இரண்டு நாள் ஜனங்கள் அவதிப்பட்டார்கள். அங்கே நடந்தது வெறும் தட்டல் அல்ல. உள்ளே புகுந்து கருவிகளைப் பொய்க் கணக்குச் சொல்லவைத்த வேலை. ஆனால் குளிரில் நடுங்குகிறவருக்கு இந்த வித்தியாசம் எதற்கு?

தட்டுவது யார்?

ஒரே ஆள் உட்கார்ந்து இத்தனை செய்திகளை அனுப்புவதில்லை. அவனுக்குக் கூலி கேட்காத படை ஒன்று இருக்கிறது. அந்தப் படையில் சேர்ந்திருப்பது அவனுடைய கம்ப்யூட்டர்கள் அல்ல. ஊரார் வீட்டுக் கருவிகள்!

லப்பேன்ரந்தா குளிர்ந்த அதே இலையுதிர் காலத்தில் 'மிராய்' என்ற பெயர் உலகமெங்கும் அடிபட்டது. அது ஒரு விஷமப் புரோகிராம். கடைகளிலும் வீடுகளிலும் திருடனைப் பிடிக்க மாட்டியிருக்கும் காமிராக்களை அது தேடிப் போகும். வாங்கியபோது கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டைப் பலர் மாற்றுவதே இல்லை. "1234", "அட்மின்" என்று அப்படியே விட்டுவிடுவார்கள். மிராயிடம் இப்படிப்பட்ட பாஸ்வேர்டுகள் சுமார் 60 கொண்ட ஜாபிதா இருந்தது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும். திறந்துகொண்டால் காமிரா அன்று முதல் அதன் அடிமை. பார்ப்பதற்கு வழக்கம்போலப் படம் எடுத்துக்கொண்டிருக்கும். எஜமான் உத்தரவு போட்டால் படையோடு சேர்ந்து யாரையாவது தட்டக் கிளம்பும்.

2016 அக்டோபர் 21-ந் தேதி இந்தப் படை, அமெரிக்காவில் 'டின்' என்ற கம்பெனியைத் தாக்கியது. இண்டர்நெட்டில் விலாசம் தேடிக் கொடுக்கும் கம்பெனி அது. டுவிட்டர் முதலிய பெரிய பெரிய இடங்களுக்கு அன்று மணிக்கணக்கில் போக முடியவில்லை.

மிராயைச் செய்தவர்கள் யார்? பெரிய சதிகாரர்கள் என்றுதான் உலகம் நினைத்தது. பிடிபட்டவர்கள் மூன்று அமெரிக்க இளைஞர்கள். 20, 21 வயது! 'மைன்கிராப்ட்' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டை நடத்தும் போட்டியாளர்களைக் கவிழ்க்கத்தான் ஆரம்பத்தில் அந்தப் படையைத் திரட்டினார்கள். 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அதற்குள் புரோகிராமை எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியே விட்டுவிட்டார்கள். அக்டோபர் 21-ல் நடந்தது, அதை எடுத்துக்கொண்ட வேறு ஆட்களின் வேலை என்று சொல்லப்பட்டது.

லப்பேன்ரந்தா பெட்டியைத் தட்டியதும் இதே படைதான் என்று நான் சொல்லவில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். இப்படிப் படை திரட்டுகிறவனுக்கு, தான் தட்டும் கதவுக்குப் பின்னால் குழந்தை தூங்குகிறதா, கிழவி படுத்திருக்கிறாளா என்று தெரியாது. அவன் கண்ணுக்குத் தெரிவது ஓர் எண் மட்டுமே.

சொன்னால் கேட்கும் பெட்டி

"பெட்டியைச் செய்தவர்களுக்குப் புத்தி இல்லையா?" என்று கேட்கத் தோன்றும். அவர்கள் பக்கத்து நியாயத்தையும் கேட்போம்.

பலவகைக் கம்பெனிகளின் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஒரு பாஷை வேண்டும் அல்லவா? அமெரிக்க என்ஜினீயர்கள் 1987-ல் கூடி அதற்கான வேலையைத் தொடங்கினார்கள். 1995-ல் 'பேக்நெட்' என்ற பாஷை வெளிவந்தது. இன்று உலகமெங்கும் கட்டடங்கள் அதில் பேசுகின்றன. அது உருவான நாளில், கம்பி கட்டடத்துக்குள்ளேயே ஓடியது. பேசுகிறவர்கள் எல்லோரும் வீட்டு மனிதர்கள். வீட்டுக்குள் யாராவது "நீ யார், அத்தாட்சி எங்கே?" என்று கேட்பார்களா?

அதனால் அந்தப் பாஷையில் மரியாதையான சில கட்டளைகள் உண்டு. "இத்தனை நிமிஷம் பேசாமல் இரு" என்பது ஒன்று. கோளாறு பார்க்க வருகிறவருக்கு உதவியாக வைத்தது. "அணைந்து மறுபடி கிளம்பு" என்பது இன்னொன்று. பாஸ்வேர்டு கேட்க வழி உண்டு. ஆனால் கேட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கேட்காத பெட்டியிடம் யார் வந்து "சும்மா இரு" என்றாலும் அது சும்மா இருந்துவிடும். அப்புறம் ஆயிரம் பேர் எதற்கு? ஒரே ஒரு செய்தி போதுமே!

2019-ல் இந்தப் பாஷைக்குப் பூட்டுப் போட்ட புதிய வகை ஒன்று வந்துவிட்டது. புதிய கட்டடங்களில் அதைப் போடுகிறார்கள். ஆனால் கட்டடத்துப் பெட்டி, செல்போன் மாதிரி இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாறுவது அல்ல. ஒரு முறை சுவரில் மாட்டினால் பதினைந்து, இருபது ஆண்டு அங்கேயே இருக்கும்.

பூட்டிலேயே ஓட்டை இருந்ததும் உண்டு. 2022-ல் சீமென்ஸ் கம்பெனியின் கட்டடப் பெட்டிகள் சிலவற்றில் ஒரு குறை கண்டுபிடித்தார்கள். பாஸ்வேர்டை அந்தப் பெட்டி அப்படியே வைத்துக்கொள்ளாது. அம்மியில் வைத்து அரைப்பது போல, பல ஆயிரம் சுற்று அரைத்து, அடையாளம் தெரியாமல் ஆக்கித்தான் வைக்கும். நல்ல பாதுகாப்பு. எத்தனை சுற்று அரைக்க வேண்டும் என்பதைக் குறிக்கலாம். ஆனால் "இவ்வளவுக்கு மேல் கூடாது" என்று வரம்பு வைக்க மறந்துவிட்டார்கள்! கணக்கை மாற்றும் உரிமை பெற்ற ஒருவர் கெட்ட எண்ணத்தோடு பிரமாண்டமான ஓர் எண்ணைக் குறித்து வைத்து, உள்ளே நுழையப் பார்த்தால் போதும். பெட்டி அரைக்க ஆரம்பிக்கும். அரைத்துக்கொண்டே இருக்கும். மற்ற வேலை நடக்காது. கம்பெனி அதைத் திருத்திவிட்டது. திருத்தம் வெளிவந்தது. எத்தனை அடித்தளங்களில் அதைப் போட்டார்கள் என்பது வேறு விஷயம்.

ஜெர்மனியில் 2021-ல் நடந்தது இதைவிட விசித்திரம். அங்கே ஓர் ஆபீஸ் கட்டடத்தில் விளக்கு, ஜன்னல் மறைப்பு எல்லாவற்றுக்கும் தானியங்கிக் கருவிகள். யாரோ உள்ளே புகுந்து, நூற்றுக்கணக்கான கருவிகளில் முக்கால்வாசிக்கு மேல் இருந்த புத்தியைத் துடைத்துவிட்டார்கள். துடைத்ததோடு விடவில்லை. கருவிகளுக்கு உரிய சாவியை வைத்தே அவற்றைப் பூட்டிவிட்டார்கள். சொந்தக்காரர்களுக்கு அந்தச் சாவி தெரியாது! விளக்குப் போட வேண்டுமானால் மின்சார மெயின் பெட்டிக்குப் போய் பிரேக்கரைத் தள்ள வேண்டியதாயிற்று. கடைசியில் ஆஸ்திரிய நாட்டு நிபுணர்கள் கருவிகளின் நினைவுச் சில்லைக் குடைந்து சாவியை எடுத்துக் கொடுத்தார்கள்.

இந்தச் சாமான்களைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தோன்றியது. வால்வுகளில் பெரும்பாலானவற்றில் கையால் திருக ஒரு குமிழ் இன்னமும் இருக்கிறது. மோட்டாரை விடுவித்துவிட்டு அதைத் திருகினால், பெட்டியின் அனுமதி இல்லாமலே வெந்நீர் ஓடும். பழைய தலோன்மியெஸ் இருந்தால் அரை நிமிஷ வேலை. எந்த வால்வு, எந்தப் பக்கம், எத்தனை சுற்று என்று தெரிந்த ஆள் இன்று அந்த அடித்தளத்துக்கு எத்தனை மைல் தூரத்தில் இருக்கிறார்?

நல்ல பெட்டிகளைச் செய்கிறவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வெளியாரோடு பேசுகிற மூளை வேறு, வால்வைக் கவனிக்கிற மூளை வேறு என்று பிரித்துவிடுகிறார்கள். வாசலில் எத்தனை பேர் வந்து கத்தினாலும் சமையல் அறையில் உலை கொதித்துக்கொண்டே இருக்கும். வாசல்காரன் மயங்கி விழலாம். சமையல்காரன் விழ மாட்டான். லப்பேன்ரந்தாவில் இருவரும் ஒருவராக இருந்ததுதான் வினையாகப் போயிற்று.

வியாழக்கிழமை

சரி, அந்த இரண்டு கட்டடங்கள் என்ன ஆயின?

வைத்தியம் மிக எளியது. கட்டடத்துக்கும் இண்டர்நெட்டுக்கும் நடுவே ஒரு காவல் கருவியை வைத்தார்கள். 'பயர்வால்' என்பார்கள் அதை. தெருவிலிருந்து யார் வந்தாலும் அது முதலில் முகத்தைப் பார்க்கும். பராமரிப்புக் கம்பெனியின் ஆள் என்றால் உள்ளே விடும். மற்றவர்களை வாசலிலேயே நிறுத்திவிடும். தட்டல் உள்ளே கேட்காது. ஒரு குடும்பத்தின் மாதச் செலவுக்கே அப்படி ஒரு கருவியை வாங்கிவிடலாம்.

நவம்பர் 3-ந் தேதி, வியாழக்கிழமை, தொல்லை ஓய்ந்தது. பெட்டி எழுந்தது. இந்தத் தடவை விழவில்லை. வெப்பமானிகளைப் படித்தது. வால்வைத் திறந்தது. ரேடியேட்டர்கள் சூடாயின. குழாய்களில் வெந்நீர் வந்தது.

பனிக்காலம் முடிய இன்னும் ஐந்து மாதம் பாக்கி இருந்தது.